ஹெஸ்பரின் மூக்கு

ஹெஸ்பர் லானோ யார் வீட்டிலும் உட்கார மாட்டாள். தேநீர் வேண்டாம் என்பாள். கேக் வேண்டாம் என்பாள். வற்புறுத்தினால், "உங்க வீட்டு கப்பைப் பாத்துட்டேன், போதும்" என்பாள். மே மாதம் தொடங்கி செப்டம்பர் முடிய, செவ்வாயும் வெள்ளியும் பதினோரு வீடுகளுக்குப் போவாள். முன்கதவைத் தட்டுவதில்லை. சந்து வழியாகப் பின்பக்கம் நுழைந்து, கூண்டைத் திறந்து, உள்ளே இருப்பதை நெஞ்சுக்கு ஒரு கை, பின்னங்காலுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கித் தன் வயிற்றோடு சாய்த்துக்கொள்வாள். வாலைச் சற்றே விலக்கிவிட்டு, குனிந்து, மோந்து பார்ப்பாள்.

அப்போது அவள் முகம் சுளிக்கும். மோந்த இடம் பஞ்சு மாதிரி இருந்தாலும் சுளிக்கும். அந்தச் சுளிப்பு முயலுக்கானது இல்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கானது.

"இதுக்கு என்ன போடறீங்க?"

"கடையில விக்கறாங்களே, கலர் கலரா, கலவைத் தீவனம்..."

"நீங்க குழந்தைக்கு மூணு வேளையும் மிட்டாய் போடுவீங்களா? அதுல இருக்கற இனிப்பை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மிச்சத்த விட்டுடுது. அதான் பல்லு வளந்து கன்னத்தைக் குத்துது. புல்லு போடுங்க. காய்ஞ்ச புல்லு. அது படுத்திருக்கற அளவுக்கு ஒரு குவியல், தினமும். பல்லு தேயட்டும், வயிறு ஓடட்டும். தூ!"

கடைசிச் சொல் எல்லா அறிவுரைக்கும் முற்றுப்புள்ளியாக வரும்.

நான் அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நூலகத்தில் வேலை. கீழே அவளுடைய நான்கு முயல்களும் கூடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் எனக்குச் சொன்ன ஒரே விதி, "படியில எறங்கும்போது கீழ பாத்து எறங்கு. உனக்காக இல்ல." அந்த வீட்டில் மேசை, பாத்திரம், தரை எல்லாம் மருத்துவமனை போல் இருக்கும். அழுக்கை அவள் வெறுத்தாள். ஆனால் நானோ நீங்களோ வெறுப்பது போல இல்லை. நாம் 'சீ' என்று சொல்லிவிட்டு ஓரடி பின்னே போவோம். அவள் 'சீ' என்று சொல்லிவிட்டு ஓரடி முன்னே போவாள்.

இது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவளே சொன்னாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அந்தப் பள்ளியில் பட்டன் என்று ஒரு முயல் இருந்தது. ஆறு வகுப்புகளும் முறை வைத்து அதற்குத் தீனி போட வேண்டும். முறையை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வகுப்பும், பாவம் பசிக்கும் என்று தானும் போட்டது. ஜாம் தடவிய ரொட்டி, பிறந்தநாள் கேக், மதியச் சாப்பாட்டில் பிள்ளைகள் ஒதுக்கியது. ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கூண்டிலிருந்து நாற்றம் வந்தது. தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு காவல்காரரைக் கூப்பிட்டாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது என் வேலையில் சேராது என்றார். ஹெஸ்பர் பாத்திரம் கழுவும் கையுறையோடு வந்தாள்.

"தூக்கினேன். கீழ்ப்பக்கம் முழுக்கப் புழு. ஆனா கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துச்சு. உயிரோட இருக்குன்னு கத்தறேன், எல்லாம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. பதினாலு பேரு. படிச்சவங்க."

பட்டன் டாக்டரிடம் போகும் வழியில், காரில், அவள் மடியில் செத்துப்போனது. அதன் பிறகுதான் அவள் மோந்து பார்க்கத் தொடங்கினாள்.

அவள் எங்கள் தீவில் பிறந்தவள் இல்லை. பாலத்தைத் தாண்டினால் வரும் வேமத் ஊர்க்காரி. கூழாங்கல் கரையை ஒட்டிப் போகும் சாலையில் பஸ் ஏறினால் இருபது நிமிடம். முப்பத்தேழு வருஷத்துக்கு முன் லானோவைக் கட்டிக்கொண்டு வந்தாள். லானோவைப் புதைத்தே ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் அவள் அக்கரைக்காரிதான். அதற்கு அவள் பிறந்த ஊர் பாதிக் காரணம். மீதிக் காரணம் அவள் வாய்.

எங்கள் தீவில் அந்தப் பிராணியின் பெயரை வாயால் சொல்வதில்லை. எழுதலாம், நான் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன். சொன்னால் குவாரியில் கல் சரியும். குடைந்த பாறைக்கு அடியிலிருந்து அது ஓடுவதைப் பார்த்தால், அன்று கருவிகளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது குவாரியில் இயந்திரம் வெட்டுகிறது, ஆனாலும் கடையில் "நீளக்காதுக்கு ஒரு மூட்டை புல்லு" என்றுதான் கேட்கிறோம். பிள்ளைகள் வளர்க்க ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுக்கிறோம், பெயரிடுகிறோம், கொஞ்சுகிறோம். இனத்தின் பெயரை மட்டும் விழுங்கிவிடுகிறோம்.

ஹெஸ்பருக்கு இது பொறுக்காது. "முயல், முயல், முயல். எந்தக் கல்லு விழுந்துச்சு? முயல் புழுக்கையைப் பத்திப் பேசணும்னா முயல்னு சொல்லித்தான் ஆகணும். வாயால சொல்ல அருவருப்புப் படறீங்க. அது பின்னாடி நாறிக்கிட்டுக் கெடந்தா மட்டும் அருவருப்பு வரல."

இந்த வாயோடுதான் மே மாதம் க்ளெம் அட்வுல் வீட்டுச் சமையலறைக்குள் போனாள்.

க்ளெம்முக்கு வயது எண்பத்திரண்டு. பதினைந்து வயதில் குவாரிக்குள் இறங்கியவர். அவருடைய தம்பி ஆப்னர் இருபத்திரண்டு வயதில் அங்கேதான் செத்தான். அன்று காலை வேலியோரம் அது ஓடியதை ஒருவன் பார்த்தான், பெயரை உரக்கச் சொல்லிச் சிரித்தான். பத்து மணிக்குக் கல் இறங்கியது. க்ளெம் அப்போது தம்பியிடமிருந்து ஏழடி தூரத்தில் நின்றார். இதை அவர் யாரிடமும் விவரிப்பதில்லை. தீவில் யாரும் அவரைக் கேட்பதுமில்லை.

அவருடைய மகள் வெரிட்டி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். பேத்தி டான்ஸிக்கு ஒன்பது வயது. வெரிட்டியின் கணவன் லீட்ஸில் வேலை என்று போய் அங்கேயே தங்கிவிட்டான். போகும்போது பெண்ணுக்கு ஒரு தொங்குகாது முயலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வீட்டில் அவன் விட்டுப்போன ஒரே பொருள் அது. டான்ஸி அதை மடியைவிட்டு இறக்கவில்லை. என்ன பேர் வைக்கலாம் என்று தாத்தாவைக் கேட்டாள்.

"கிரேவின்னு வை," என்றார் க்ளெம். "கடைசியில அதோடதானே சேரும்."

அவர் அதைக் குத்தலாகத்தான் சொன்னார். டான்ஸிக்குப் பிடித்துவிட்டது.

க்ளெம் கண்ணில் படக் கூடாது என்று வெரிட்டி கூண்டைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்து, முன்பக்கம் இரண்டு சாக்குகளைத் திரையாகத் தொங்கவிட்டாள். வீட்டுக்குள் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எழுதாத ஒப்பந்தம். ஹெஸ்பர் வரும் நாட்களில் வெரிட்டி அவளைச் சந்திலேயே பிடித்து நேராகக் கொட்டகைக்குக் கூட்டிப்போவாள். மே மாதம் ஒரு வெள்ளி, மழை. ஹெஸ்பர் கையைக் கழுவச் சமையலறைக்குள் வந்துவிட்டாள். க்ளெம் மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மற்றதை வெரிட்டி எனக்குச் சொன்னாள்.

"முயலுக்கு யாரு கேரட்டு குடுக்கறது?"

வெரிட்டி கண்ணால் ஜாடை காட்டினாள். ஹெஸ்பர் ஜாடையைக் கவனிக்கிற ரகமில்லை.

"முயலுக்குக் கேரட்டு ஆகாது. சும்மா படத்துல போடுவான். ஒரு முயல் ஒரு வாரத்துக்குத் திங்கற சர்க்கரை அந்த ஒத்தக் கேரட்டுல..."

க்ளெம் எழுந்தார். கதவைத் திறந்து மழையில் நின்று துப்பினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"ஏம்மா அக்கரைக்காரி. லானோ நல்ல மனுசன். அவனுக்காக இத்தன நாளு பொறுத்தேன். இனி இந்தக் கேட்டைத் தாண்டாத."

"கேட்டைத் தாண்டாட்டி அதோட பின்பக்கத்த யாரு பாப்பா? நீயா?"

"போம்மா."

ஹெஸ்பர் போனாள். ஆப்னர் கதையை அன்று மாலை வெரிட்டி வந்து சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரியும். முப்பத்தேழு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவள் வெகுநேரம் சிங்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அவள் போகும் வீடுகள் பத்தாயின.

ஜூலையில் வெயில் ஏறியது. எங்கள் கல் வெள்ளைக் கல். வெயிலை வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும். மூன்று வாரம் மழை இல்லை. பச்சை ஈக்கள் வந்தன. தெருவில் செத்த மீன் கிடந்தால் உட்காருமே, அந்த ஈ. ஹெஸ்பர் செவ்வாய் வெள்ளி என்றில்லாமல் தினமும் சுற்றினாள். "அழுக்குல முட்டை வெச்சா மறுநாள் புழு. ஒரே நாளு. காலையில பாரு, சாயங்காலம் பாரு. மோந்து பாரு. உனக்கு மூக்கு எதுக்கு இருக்கு?" என்று வேலிகளுக்கு மேலாகக் கத்திக்கொண்டு போவாள்.

டான்ஸி விடுமுறைக்கு லீட்ஸுக்கு, அப்பாவிடம் போயிருந்தாள். பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவதாக ஏற்பாடு. போகும்போது கிரேவியை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் நகரும்வரை ஜன்னலில் கையசைத்து, காதைத் தொங்கவிட்டது போல் இரண்டு கையையும் தலையில் வைத்துக் காட்டினாள். பெயரைச் சொல்லாமல் நினைவூட்ட எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

நான் நூலகத்துக்கு நடக்கும் சந்து அட்வுல் வீட்டுக் கொட்டகையை ஒட்டித்தான் போகிறது. அந்த வாரம் அங்கே ஒரு நாற்றம் வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்று நாள் போகும்போதும் வரும்போதும், அந்தச் சுவர் முடியும்வரை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இதை எழுதும்போது என்மேல் எனக்கே குமட்டுகிறது.

சனிக்கிழமை மூன்று மணி. ஜன்னலில் நின்றிருந்தேன். தெருமுனையிலிருந்து க்ளெம் வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை. கோட்டு இல்லை. குவாரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பழைய தோல்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். மதுக்கடை வாசலில் நிழலில் குவாரி ஆட்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன க்ளெம், சாப்பாட்டுப் பையைத் தாலாட்டிக்கிட்டுப் போற?"

"உள்ள என்ன, மாமியாரா?"

பையின் வாயிலிருந்து ஒரு காது நழுவி வெளியே தொங்கியது. பேச்சு நின்றுவிட்டது. ஒருவன் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். இன்னொருவன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். பட்டப்பகலில், நடுத்தெருவில், அட்வுல் குடும்பத்து ஆள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறார். க்ளெம் அவர்களைப் பார்க்கவில்லை. நேராக எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார்.

நான் கீழே இறங்கி வருவதற்குள் ஹெஸ்பர் கதவைத் திறந்தாள். அவர் பையை நீட்டினார்.

"நாத்தம் வருது."

"எத்தன நாளா?"

"மூணு நாளு. கடல்காக்கா ஏதோ செத்துக் கெடக்குன்னு நெனச்சேன்."

"மூணு நாளு! உள்ள வா. வான்னா வாய்யா, வாசப்படிக்குப் பூசை பண்ணாத."

சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து, மேலே துண்டு விரித்தாள். கிரேவியை எடுத்து வைத்தாள். சாம்பல் நிற முயல். அது இருக்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தது. தாடைக்குக் கீழ் சதை மடிந்து தொங்கியது. அசையவில்லை. பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. வலி தாங்காமல் அரைப்பது அது. ஹெஸ்பர் வாலை விலக்கினாள்.

ரோமம் கறுத்து, ஈரமாக, தார் பூசியது போல் ஒட்டியிருந்தது. அந்தக் கறுப்பு கொதிப்பது போல் அசைந்துகொண்டிருந்தது. அரிசிக் குருணை அளவில், வெள்ளையாக, நூற்றுக்கணக்கில். மெல்லிய சத்தமும் கேட்டது, ஈரத்தாளைக் கசக்குவது போல. சமையலறை முழுக்க நாற்றம் எழுந்தது. நான் சிங்க்குக்கு ஓடினேன்.

"அங்க கக்கிட்டியா? சரி, வாயத் தொடச்சிட்டு டாக்டருக்குப் போன் பண்ணு. புழு வெச்சிருக்குன்னு சொல்லு. அஞ்சு நிமிசத்துல கெளம்பறோம்னு சொல்லு. அப்புறம் பின்சந்துல இருக்கற காரை முன்னாடி கொண்டா."

மறுமுனையில் உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள், தண்ணீரில் முக்க வேண்டாம் என்றார்கள். சொன்னேன். "எனக்குத் தெரியாதா? முக்கினா அதிர்ச்சியிலயே போயிடும்," என்றாள். அதற்குள் மழுங்கல் கத்தரியால் ரோமத்தை வெட்டத் தொடங்கியிருந்தாள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஜாம் பாட்டிலுக்குள் போட்டாள்.

"க்ளெம், தலையைப் பிடி."

"என்னால..."

"பிடிய்யா! உன் நெஞ்சுல சாச்சு வை. கண்ணை மூடு, அதோட கண்ணை, உன்னோடதை இல்ல."

க்ளெம் பிடித்தார். அந்தக் கைகளுக்கு அதன் தலை ஒரு எலுமிச்சை அளவுதான்.

"என்ன குடுத்த இதுக்கு?"

"நான் ஒண்ணும் குடுக்கல. நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"யோவ். ஆறு வகுப்பு தின்னக் குடுத்து செத்ததைப் பாத்தவ நான். இது ஒரு கை போட்ட வயிறு இல்ல. ரெண்டு கை போட்டிருக்கு. என்ன குடுத்த?"

அடுத்த புழுவை எடுத்து, இடுக்கியைப் பாட்டில் விளிம்பில் தட்டினாள்.

"பிஸ்கட்டு," என்றார் க்ளெம்.

"எத்தன?"

"நான் திங்கறப்ப அதுக்கும் ஒண்ணு."

"நீ எத்தன திம்ப?"

"காலையில ரெண்டு. சாயங்காலம் ரெண்டு."

"அப்புறம்?"

"கேரட்டு. ரொட்டி ஓரம்." அதன் தலையைத் தடவினார். "ஞாயித்துக்கெழம ஆப்பிள் பை. நடுவுல இல்ல. ஓரம் மட்டும்."

"தூ!" என்றாள் ஹெஸ்பர். துப்புவதற்கு வாயில் ஈரமே இருந்திருக்காது. "அதான். கொழுத்துப் போச்சு. முதுகை வளைச்சுக் குனிய முடியல. ஈரப் புழுக்கைய அது நேரா வாயாலயே எடுத்துத் தின்னணும்யா. உனக்கு அசிங்கம், அதுக்கு அதுதான் பாதி சாப்பாடு. எட்டல. ஒட்டிக்கிச்சு. ஈ வந்துச்சு. ஏன் வெரிட்டிகிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அதப் பத்திப் பேசறதில்ல வீட்டுல."

காரில் க்ளெம் சொன்னதும் பிற்பாடு வெரிட்டி சொன்னதும் சேர்ந்து மீதியும் விளங்கியது. டான்ஸி போன பிறகு வெரிட்டி விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் சாக்குக்குள் கையை விட்டு, கிண்ணம் நிறையத் தீவனம் கொட்டிவிட்டுப் போவாள். இருட்டில் தூக்கிப் பார்த்ததில்லை. ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். அப்பாவுக்கோ அதைக் கண்டால் ஆகாது என்று அவளுக்கு நிச்சயம். அப்பா பதினொன்றுக்கும் நான்குக்கும் சாக்கை விலக்கி, கம்பி வழியாக பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தார். புல் அப்படியே கிடந்தது. வெயிலுக்குச் சாப்பிடவில்லை என்று இருவரும் தனித்தனியே நினைத்து, இன்னும் கொஞ்சம் ருசியாக எதையாவது போட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் பாசமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முயல் உயிரோடு புழுத்தது.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு டான்ஸி வந்துருவா," என்றார் க்ளெம் பின்சீட்டிலிருந்து. பையைப் பார்த்துத்தான் சொன்னார். "எறங்கினதும் கொட்டகைக்குத்தான் ஓடுவா."

ஹெஸ்பர் ஜன்னலை இறக்கிவிட்டாள்.

கால்நடை மருத்துவமனை அக்கரையில். காத்திருக்கும் அறையில் நாய்களோடு நான்கு பேர். அவர்களில் ஒருவன் எங்கள் குவாரி ஆள். வெள்ளைத் தூள் படிந்த பூட்ஸ், க்ளெம்மைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடி கேட்டாள்.

"பேரு?"

"கிரேவி," என்றார் க்ளெம்.

"என்ன பிராணி?"

க்ளெம் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. குவாரி ஆள் தரையைப் பார்த்தான். நான் ஹெஸ்பரைப் பார்த்தேன். அவள் வாய் அந்தச் சொல்லுக்காகவே செய்தது. தெருத்தெருவாகக் கத்திய சொல். பையிலிருந்து பல் அரைக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நீளக்காது," என்றாள் ஹெஸ்பர்.

"புரியலையேம்மா. என்னன்னு போட்டுக்க?"

"நீளக்காதும்மா. எழுந்து பாரு."

அந்தப் பெண் எழுந்து பைக்குள் எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னே நகர்ந்தாள். பிறகு மணியை அழுத்தினாள்.

டாக்டர் மீதிப் புழுவை எடுத்து, பின்பக்கம் முழுக்க மழித்து, வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கு அடியில் திரவம் ஏற்றினார். ஆழமாகப் போகவில்லை, இன்னொரு நாள் விட்டிருந்தால் போயிருக்கும் என்றார். மாலை ஏழு மணிவரை வைத்திருந்து கொடுத்தார்கள். கரைத்த தீனியை ஊசிக்குழலில் எடுத்து வாயோரமாக விட வேண்டும். முயலுக்கு வயிறு நின்றால் உயிர் நின்ற மாதிரி. காலைக்குள் புழுக்கை விழுந்தால் பிழைக்கும், விழாவிட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார்.

திரும்பும்போது பாலத்தைத் தாண்டியதும் க்ளெம் பேசினார்.

"அங்க சொல்லாம இருந்த."

"வாயத் தொறந்தா வாந்தி வந்துடும்போல இருந்துச்சு," என்றாள் ஹெஸ்பர். "நீ போட்ட ஆப்பிள் பை நாத்தம்."

மறுநாள் ஞாயிறு. எட்டு மணிக்கு முன்பே எங்கள் முன்சுவருக்கு அந்தப் பக்கம் க்ளெம் நின்றிருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் புதினா மிட்டாய்த் தகர டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, சுவர்மேல் வைத்தார். உள்ளே மிட்டாய் இல்லை. மிளகு அளவில் ஏழு உருண்டைகள்.

ஹெஸ்பர் இரவு உடையோடு வெளியே வந்தாள். டப்பாவை எடுத்தாள். ஒன்றை விரலில் வைத்து நசுக்கினாள். மோந்து பார்த்தாள். முகம் சுளித்தது.

"சின்னது. ஈரம் பத்தாது."

க்ளெம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா புழுக்கைதான். உள்ள புல்லு இருக்கு. பொழச்சுக்கும்."

அவர் திரும்பி நின்று கொஞ்ச நேரம் குவாரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலம் அவ வந்ததும் நீயே சொல்லணும்," என்றாள் ஹெஸ்பர். "பிஸ்கட்டு, கேரட்டு, பை, எல்லாத்தையும். நான் வந்து சொல்ல மாட்டேன்."

சொல்லியிருக்கிறார். டான்ஸி மழித்த பின்பக்கத்தைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீங்க பிடிங்க, நான் மோந்து பாக்கறேன்," என்றாளாம். சாக்குகளைக் கழற்றி எரித்துவிட்டார்கள். கூண்டு இப்போது சமையலறைக் கதவை ஒட்டி, க்ளெம்மின் நாற்காலிக்கு நேராக இருக்கிறது. காலையும் மாலையும் அவர்தான் தூக்குகிறார். மூக்கைச் சுளித்துக்கொண்டுதான். பெயரை இன்னமும் சொல்வதில்லை. ஹெஸ்பர் அந்தக் கேட்டைத் தாண்டுகிறாள், ஆனால் உட்காருவதில்லை. அங்கே மட்டும் நீளக்காது என்கிறாள். வெளியே வந்ததும் சந்து முழுக்க மற்றதை மூன்று தடவை சொல்லித் தீர்த்துக்கொள்கிறாள். அடுத்த சண்டையும் தொடங்கியாயிற்று. ஒன்றைத் தனியாக வளர்ப்பது அசிங்கம், துணைக்கு இன்னொன்று வேண்டும் என்கிறாள் அவள். "ஒண்ணுக்கே வாயத் தொறக்க முடியல, ரெண்டுக்கு எங்க போறது?" என்கிறார் அவர்.

டப்பா தினமும் காலை எங்கள் சுவர்மேல், பால் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் பாலை எடுக்கும்போது அதைப் பார்க்காமல் எடுக்கப் பழகிக்கொண்டேன். ஹெஸ்பர் திறந்து, மோந்து, "சரி" என்றோ "புல்லு பத்தல" என்றோ தெருவில் நிற்கும் க்ளெம்முக்குக் கேட்கும்படி கத்துவாள்.

சென்ற வியாழன் மூவரும் ஒரே பஸ்ஸில் வேமத் போனோம். ஹெஸ்பர் என் பக்கத்தில். க்ளெம் முன்சீட்டில். பாதி வழியில் அவர் திரும்பி, தகர டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். வெள்ளை வெளேரென்று புதினா மிட்டாய்.

"எடுத்துக்கப்பா. அன்னிக்கு காரோட்டினியே."

வேண்டாம் என்று யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"பயப்படாத," என்றார். "கழுவிட்டேன்."

ஹெஸ்பர் குனிந்து டப்பாவை மோந்து பார்த்தாள்.

"கழுவல," என்றாள்.